பழைய ஃபோர்ட்ரானைக் கற்க முதலில் ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பைத்தான் என்ற நிரல் மொழியில் சில ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், பழைய நிரல் மொழியான ஃபோர்ட்ரானைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "1960-களில் ஃபோர்ட்ரான் எப்படி எழுதப்பட்டதோ, அப்படியே அதைக் கற்க ஆசைப்படுகிறேன். இன்றைய கம்பைலரில் பழைய பாணியில் எழுதிப் பார்த்தால் போதாதா? போதாது என்றால் எந்தக் கணினியை எடுத்துக்கொள்வது, எங்கே தொடங்குவது?"

போதாது என்பதே என் பதில். கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள். இன்றைய கம்பைலர் பழைய நிரல்களையும் ஏற்றுக்கொள்ளும், அதில் குறையில்லை. ஆனால் அங்கே கற்றால் பழைய ஃபோர்ட்ரானின் விதிகள் காரணமில்லாத கெடுபிடிகளாகத்தான் தெரியும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் இயந்திரம் நிற்கிறது. அந்த இயந்திரத்தோடு சேர்த்துக் கற்றால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, அவை தாமாகவே விளங்கும்.

சான்றாக, எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் நெடுவரிசை விதியை எடுத்துக்கொள்வோம். நிரலின் ஒவ்வொரு வரியும் அன்று ஒரு துளை அட்டை; ஓர் எழுத்துக்கு ஒரு நெடுவரிசை. கட்டளையின் எண் முதல் ஐந்து நெடுவரிசைகளுக்குள் வர வேண்டும். முந்தைய வரியின் தொடர்ச்சி என்றால் ஆறாவதில் ஒரு குறி இருக்க வேண்டும். கட்டளை 7 முதல் 72 வரை. அதற்குப் பிறகு எது இருந்தாலும் கம்பைலர் பார்க்காது. துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருக்கும்போது 72-இல் ஏன் நிற்க வேண்டும்? ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957-இல் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஐபிஎம் 704 என்ற கணினிக்காக எழுதப்பட்டது. அதன் நினைவகத்தில் ஓர் அலகு, அதாவது ஒரு வேர்டு, 36 பிட். அதன் அட்டை படிப்பான் அட்டையைக் கிடைவரிசையாகப் படித்து, ஒவ்வொரு வரிசையையும் இரண்டு வேர்டுகளில் நிரப்பும். இரண்டு முப்பத்தாறு எழுபத்திரண்டு. மீதி எட்டு நெடுவரிசைகளுக்கு இடமில்லை. இடமில்லாமல் போன அந்த எட்டில்தான் நிரலாளர்கள் அட்டைகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டார்கள்.

மாறியின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கும் இதே கணக்குதான். ஓர் எழுத்துக்கு ஆறு பிட். 36 பிட்டில் ஆறு எழுத்து. மூன்று கிளையாகப் பிரியும் பழைய இஃப் கட்டளையிலும் அந்த இயந்திரத்தின் சாயல் உண்டு. ஒரு கோவையின் மதிப்பு எதிர்மறையா, பூஜ்யமா, நேர்மறையா என்று பார்த்து மூன்று இடங்களில் ஒன்றுக்குத் தாவுகிறது அது. 704-இல் இரண்டு எண்களை ஒப்பிடும் ஒரே கட்டளை மூன்று வழியில் பிரிந்துபோகும். பொருளே புரியாமல் இந்த இஃப் கட்டளையை வெறுத்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாயலைக் கண்ட நாளிலிருந்து எனக்கு அது அழகாகத் தெரிகிறது.

இனி, எந்தக் கணினி என்ற கேள்வி. ஐபிஎம் 1130-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1965-இல் அறிவிக்கப்பட்ட சிறிய கணினி அது. 16 பிட் வேர்டு. நினைவகம் 4,096 வேர்டிலிருந்து 32,768 வேர்டு வரை. கழற்றி மாட்டக்கூடிய ஒரு டிஸ்க், அதில் ஏறக்குறைய ஒரு மெகாபைட். பெரிய கணினிகளில் நிரலாளர் அட்டைக்கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1130-இலோ நிரலாளரே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஓட்டுவது வழக்கமாக இருந்தது. கற்பவருக்கு அது நல்லது. முழு இயந்திரத்தையும் ஒரே மனிதர் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியும்.

வணிகக் கணக்குகளுக்கான கோபால் மொழியும் ஃபோர்ட்ரானின் பெரிய கம்பைலர்களும்தான் வேண்டும் என்றால், பெரிய ஐபிஎம் கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரில் எம்விஎஸ் 3.8 இயக்க முறைமையை ஏற்றி ஓட்டலாம். ஆனால் அங்கே முதல் மாதம் முழுக்க, எந்த வேலையை எப்படி ஓட்டுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஜாப் கண்ட்ரோல் லாங்குவேஜைக் கற்பதிலேயே போய்விடும். பேசிக் என்ற மொழியில் ஆர்வம் என்றால் 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் தொடங்கிய கதையிலிருந்து வாருங்கள். அது வேறொரு பாதை. உங்கள் கேள்வி ஃபோர்ட்ரானைப் பற்றியது என்பதால் 1130-ஓடு நிற்கிறேன்.

உண்மையான இயந்திரம் கைக்குக் கிடைப்பது அரிது, தேவையும் இல்லை. ராபர்ட் சுப்னிக் 1993-இல் தொடங்கிய சிம்ஹெச், பழைய கணினிகளை இன்றைய கணினியில் போலச் செய்துகாட்டும் சிமுலேட்டர்களின் தொகுப்பு; அதில் 1130-உம் இருக்கிறது. அந்தக் காலத்து டிஸ்க் மானிட்டர் சிஸ்டம் என்ற இயக்க முறைமை, அதனுள் இருக்கும் ஃபோர்ட்ரான் கம்பைலர் எல்லாம் அப்படியே அதில் ஓடும். விண்டோஸில் ஓட்டினால் முகப்புப் பலகையும் விளக்குகளும்கூடத் திரையில் தெரியும். சாதாரண உரைக் கோப்பு ஒன்றை அட்டை படிப்பானில் வைத்ததாகச் சொல்லலாம். அச்சு இயந்திரத்தின் வெளியீட்டை இன்னொரு கோப்பில் வாங்கிக்கொள்ளலாம். கையேடுகளுக்கு பிட்சேவர்ஸ் என்ற ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. 'ஐபிஎம் 1130/1800 பேசிக் ஃபோர்ட்ரான் ஐவி லாங்குவேஜ்' என்ற கையேட்டை இறக்கி, அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பாடநூல் எதையும் முதல் இரண்டு மாதங்களுக்குத் தொடாதீர்கள். பொதுவான ஃபோர்ட்ரான் நூல்கள் உங்கள் இயந்திரத்தில் இல்லாத வசதிகளைச் சொல்லிக் குழப்பும். 1130-இன் ஃபோர்ட்ரானில், நிபந்தனை உண்மையா பொய்யா என்று பார்க்கும் தர்க்க இஃப் கிடையாது, மூன்று கிளை இஃப் மட்டும்தான். மாறியின் பெயரும் ஐந்து எழுத்துக்கு மேல் போகாது.

ஏன் ஐந்து என்று உங்களால் இப்போது சொல்ல முடியும். இரண்டு வேர்டுகள் சேர்ந்தால் 32 பிட். ஆறு பிட்டாக வகுத்தால் ஐந்து எழுத்து, மிச்சம் இரண்டு பிட். இதே இயந்திரத்தில்தான் சார்ல்ஸ் மூர் தம் புதிய மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். நான்காம் தலைமுறை மொழி என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் 'நான்காவது' என்ற சொல்லையே பெயராக வைக்க விரும்பினார். அதில் ஆறு எழுத்து. இயந்திரம் ஐந்துக்கு மேல் ஏற்காததால் நடுவிலிருந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டு 'ஃபோர்த்' என்று வைத்தார். ஒரு வேர்டின் அகலம் ஒரு மொழியின் பெயரையே தீர்மானித்திருக்கிறது.

முதல் அட்டைக்கட்டுக்கு வருவோம். 1130-இல் நிரல் தனியாகப் போகாது. முன்னும் பின்னும் கட்டுப்பாட்டு அட்டைகள் இருக்க வேண்டும். முதல் அட்டையில் முதல் இரண்டு நெடுவரிசைகளில் சாய்கோடுகள், ஓர் இடைவெளி, பிறகு 'ஜாப்' என்ற சொல். இது மானிட்டருக்குப் புதிய வேலை வருகிறது என்ற அறிவிப்பு. அடுத்த அட்டையில் அதே போல 'ஃபார்' என்று இருந்தால் ஃபோர்ட்ரான் கம்பைலரை டிஸ்கிலிருந்து கொண்டுவரும். அதன் பிறகு நட்சத்திரக் குறியில் தொடங்கும் அட்டைகள். எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை 'ஐஓசிஎஸ்' என்ற அட்டையில் எழுத வேண்டும். அட்டை படிப்பான், 1132 அச்சு இயந்திரம் என்பது போல. 'ஒன் வேர்ட் இன்டிஜர்ஸ்' என்று ஓர் அட்டை வைத்தால் முழு எண் ஒவ்வொன்றுக்கும் ஒரே வேர்டு ஒதுக்கும். வைக்காவிட்டால் தசம எண்ணுக்கு உரிய இரண்டு வேர்டு இடத்தை ஒதுக்கி, அதில் ஒன்றை வீணாக்கும். 8,000 வேர்டு நினைவகத்தில் அது பெரிய இழப்பு. இவற்றுக்குப் பின் நிரல், 'எண்ட்' அட்டை, கடைசியில் இரண்டு சாய்கோட்டோடு எக்ஸ், ஈ, க்யூ என்ற மூன்று எழுத்துகள்: ஓடு என்ற கட்டளை. தரவு அட்டைகள் இருந்தால் அதன் பிறகு.

முதல் நிரலாக ஒன்றிலிருந்து பத்து வரை தொடர்பெருக்கத்தை, அதாவது ஃபேக்டோரியலை, அச்சிடச் சொல்லுங்கள். முழு எண் மாறிகள், கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு டூ சுழற்சி, ஒரு பெருக்கல், ஒரு ரைட் கட்டளை. பைத்தானில் இது மூன்று வரி. அங்கே எண்ணுக்கு எல்லையே கிடையாது. இங்கே ஏழு வரை ஒழுங்காக வரும்: 5040. எட்டுக்கு நேரே -25216 என்று அச்சாகும். ஒன்பதுக்கு -30336. பத்துக்கு 24320. எச்சரிக்கை எதுவும் வராது, நிரல் நிற்கவும் நிற்காது. 16 பிட்டில் அதிகபட்சம் 32767. உண்மையான மதிப்பு 40320 அதற்குள் அடங்காது. 65536-ஐக் கழித்த மிச்சம் எதிர்மறையாக நிற்கிறது. எதிர்மறை எண் வந்த இடத்தில் தவறு கண்ணில் படும். பயப்பட வேண்டியது பத்தாவது வரியைப் பார்த்துத்தான். 36,28,800 இருக்க வேண்டிய இடத்தில் 24320 என்று, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். இந்தப் பத்து வரிகளையும் கையால் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் ஏன் அப்படி வந்தது என்று காகிதத்தில் நிறுவிப் பாருங்கள். இதை ஒரு நாள் செய்தவர், பிறகு எந்தக் கணினியிலும் ஒரு கூட்டலை முழுதாக நம்பிவிட மாட்டார்.

இதே எல்லை மூன்று கிளை இஃபிலும் ஒளிந்திருக்கிறது. இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்க்க, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் குறியைப் பார்ப்போம். 30000-த்திலிருந்து -10000-த்தைக் கழித்தால் 40000. அது 16 பிட்டில் -25536 ஆகிவிடும். பெரிய எண்ணைச் சிறியது என்று சொல்லி நிரல் வேறு கிளைக்குப் போய்விடும்.

அடுத்து, இடைவெளி. ஃபோர்ட்ரான் கம்பைலர் கட்டளைக்குள் இருக்கும் இடைவெளிகளைப் பொருட்படுத்தாது. அட்டையில் துளையிடும்போது ஓர் இடம் கூடக் குறையப் போய்விட்டால் முழு அட்டையும் வீணாகக் கூடாது என்பதற்கு இது உதவியது. ஆனால் இதன் விலை பெரிது. டூ சுழற்சியின் தொடக்க வரியில் டி, ஓ, பிறகு கட்டளை எண் 10, பிறகு ஐ என்ற மாறி, சமக் குறி, 1, காற்புள்ளி, 10 என்று வரும். காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்துவிட்டால்? சமக் குறிக்கு வலப்புறம் 1.10 என்ற தசம எண் ஆகிவிடுகிறது. இடப்புறம் இருப்பவை இடைவெளி நீங்கி ஒட்டிக்கொண்டு 'டிஓ10ஐ' என்ற ஒரு மாறியின் பெயராகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் சரியாக ஐந்து எழுத்து, 1130-இன் எல்லைக்குள் கச்சிதமாக அடங்கும் பெயர். கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதற்கு 1.10 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு நகரும். சுழற்சி இல்லை, உள்ளே இருந்த கட்டளைகள் ஒரே முறை ஓடும்.

இந்தப் புள்ளிதான் 1962-இல் மரைனர் 1 விண்கலத்தை அழித்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு. இத்தகைய புள்ளி நாசாவின் மெர்க்குரி திட்டத்து நிரல் ஒன்றில் இருந்தது. சேதம் எதுவும் நேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. மரைனர் 1 அழிந்ததற்கு ஃபோர்ட்ரான் பொறுப்பல்ல.

1130-இல் இதைப் பிடிக்க வழி இருக்கிறது. 'லிஸ்ட் சிம்பல் டேபிள்' என்ற கட்டுப்பாட்டு அட்டையைச் சேர்த்தால் நிரலில் இருக்கும் மாறிகளின் பட்டியலை, அவற்றின் இடத்தோடு கம்பைலர் அச்சிடும். நீங்கள் சூட்டாத பெயர் ஒன்று அதில் இருந்தால் ஏதோ ஒரு வரி வேறு பொருளில் படிக்கப்பட்டிருக்கிறது. மாறிகளை அறிவிக்கத் தேவையில்லாத மொழியில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒவ்வொரு புதிய நிரலையும் முதல்முறை ஓட்டும்போது இந்தப் பட்டியலைக் கேளுங்கள், விரலை வைத்து வரிவரியாகப் படியுங்கள்.

அச்சு இயந்திரமும் ஒரு பாடம் நடத்தும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சாகாது; அது காகிதத்தை நகர்த்தும் கட்டளை. இடைவெளி என்றால் ஒரு வரி, பூஜ்யம் என்றால் இரண்டு வரி, 1 என்றால் புதிய பக்கம், கூட்டல் குறி என்றால் நகராமல் அதே வரியின் மேல் அச்சிடுவது. நான் ஆரம்பத்தில் ஆண்டு வாரியாக ஓர் அட்டவணை அச்சிட முயன்றேன். ஆண்டுக்கு நான்கு இடம் என்று, வரியின் அமைப்பைச் சொல்லும் ஃபார்மேட் கட்டளையில் எழுதினேன். முன்னால் இடைவெளி விடவில்லை. 1966 என்பதன் முதல் இலக்கம் கட்டளையாகப் போய், புதிய பக்கத்தின் உச்சியில் 966 என்று நின்றது. அடுத்த பக்கத்தில் 967. அதற்கடுத்ததில் 968. வெளியீட்டுக் கோப்பைத் திறந்தபோது பக்கத்துக்கு ஒரு வரியாக நீண்டுகொண்டே போனது. கையேட்டில் இந்த விதியைப் படித்திருந்தும் என் கை அதை அறியவில்லை. அன்றிலிருந்து ஃபார்மேட் எழுதும்போது, ஓர் இடைவெளி விடச் சொல்லும் 1எக்ஸ் என்பதைப் போட்ட பிறகுதான் மற்றதை யோசிப்பேன்.

பைத்தானிலிருந்து வருபவரைத் தடுக்கி விழவைக்கும் வேறு சிலவும் உண்டு. டூ சுழற்சியின் முடிவு எண் தொடக்க எண்ணைவிடச் சிறியதாக இருந்தாலும் உள்ளே ஒரு முறை ஓடிவிடும். பூஜ்ய முறை ஓடுவது என்பது கிடையாது. துணை நிரல் தன்னையே அழைக்க முடியாது, மாறிகளுக்கெல்லாம் நிலையான ஓர் இடம்தான். ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்கள், மற்றவை தசம எண்கள். இரு பரிமாண அணி நெடுவரிசை வாரியாக அடுக்கப்படும். இவை பட்டறிவில் வந்துவிடும்.

எப்படிப் பயில வேண்டும் என்பது இதைவிட முக்கியமாகப்படுகிறது. சிமுலேட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் தந்துவிடும். எனவே பிழை வந்தவுடன் ஒன்றை மாற்றி ஓட்டு, இன்னொன்றை மாற்றி ஓட்டு என்ற இன்றைய பழக்கம் உங்களை இழுக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுங்கள். ஓ என்ற ஆங்கில எழுத்தையும் பூஜ்யத்தையும் பிரித்துக்காட்ட இரண்டில் ஒன்றின் மேல் கோடு போடுங்கள். எதன் மேல் போடுவது என்பதில் அந்தக் காலத்திலேயே ஒருமித்த வழக்கம் இல்லை, உங்களுக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மாறிகளின் பெயர்களைத் தலைப்பாக எழுதி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் மதிப்பு என்ன ஆகிறது என்று நீங்களே இயந்திரமாக இருந்து எழுதிப் பாருங்கள். அதன் பிறகே கோப்பில் ஏற்றுங்கள். நிரல் முதல் ஓட்டத்திலேயே சரியாக வரும் நாள் ஒன்று வரும். அந்த மகிழ்ச்சியை வேகமான இயந்திரங்களில் நான் அனுபவித்ததில்லை.

இவை கைவந்த பிறகு நினைவகத்தை நெருக்குங்கள். இங்கேதான் இந்தக் கணினியின் உண்மையான சுவை இருக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு முறையும் காமன் என்ற பொதுப் பகுதி, மாறிகள், நிரல் ஆகிய மூன்றும் எத்தனை வேர்டு எடுக்கின்றன என்று கடைசியில் அச்சிடும். 8,000 வேர்டில் அடங்காத நிரல் ஒன்றை எடுத்து, அதை இரண்டாக உடையுங்கள். முதல் பாதி தன் வேலையை முடித்துவிட்டு 'கால் லிங்க்' என்ற கட்டளையால் இரண்டாம் பாதியை டிஸ்கிலிருந்து அழைக்கும். தான் இருந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். நினைவகத்தின் மேல்முனையில் இருக்கும் காமன் பகுதி மட்டும் அழியாமல் நிற்கும். ஒரு நிரல் இன்னொன்றுக்கு விட்டுச்செல்லும் செய்தி அது. காமனைப் பற்றிப் புதிய நூல்கள் கண்டித்தே எழுதும். இங்கே பார்த்தால் அது எதற்காகப் பிறந்தது என்பது தெரியும்.

கம்பைலரே இப்படித்தான் வாழ்ந்தது. முழுக் கம்பைலரும் நினைவகத்தில் அடங்காது. துண்டு துண்டாக டிஸ்கிலிருந்து வந்து, தன் பங்கைச் செய்துவிட்டு அடுத்ததற்கு வழிவிடும். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1401 என்ற முந்தைய கணினியின் ஃபோர்ட்ரான் கம்பைலரைப் பற்றிப் படியுங்கள். 8,000 எழுத்து நினைவகத்துக்குள் உங்கள் நிரல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்; கம்பைலரின் 63 துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் மேல் கடந்துபோய் அதை இயந்திர மொழியாக மாற்றும். இப்படி யோசித்தவர்களை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். மவுண்டன் வியூவில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் 1401-ஐப் பழுதுநீக்கி ஓட வைத்திருக்கிறார்கள். என்றாவது அந்தப் பக்கம் போக வாய்த்தால் அட்டை படிக்கும் ஓசையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இயந்திரத்தின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ளி மொழியை எப்போது தொடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபோர்ட்ரானில் நான்கைந்து நிரல்கள் ஓடிய பிறகு. அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். முகப்புப் பலகையில் 16 ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஃபோர்ட்ரானிலிருந்தே 'டேட்எஸ்டபிள்யூ' என்ற துணை நிரலை அழைத்து, எந்த ஸ்விட்ச் மேலே இருக்கிறது என்று கேட்கலாம். போட்டிருந்தால் 1 வரும், இல்லையென்றால் 2. தொடர்பெருக்க நிரலில் இதைச் சேருங்கள்: 15-ஆம் ஸ்விட்ச் மேலே இருந்தால் முழு எண்ணில் கணக்கிடட்டும், கீழே இருந்தால் தசம எண்ணில் கணக்கிடட்டும். இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எட்டாவது வரியிலிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள். தசம எண்ணில் ஏறக்குறைய ஏழு இலக்கம் வரைதான் துல்லியம் கிடைக்கும். எனவே இருபது வரை நீட்டினால் அங்கேயும் ஓரிடத்தில் கடைசி இலக்கங்கள் பொய்யாகத் தொடங்கும். அந்த இடம் எது என்று ஓட்டுவதற்கு முன்பே கணக்கிட்டு, அட்டைக்கட்டின் முதல் குறிப்பு அட்டையில் எழுதி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.